கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் ஏரியைச் சுற்றி நடப்பார். நானும் கூடப் போவேன். கூட என்பது ஒரு பேச்சுக்கு. அவருடைய நடையை யாராலும் பிடிக்க முடியாது. "என்னப்பா, முன்னாலை ஆரும் பந்தி வைக்கினமே? உப்பிடி ஓடுறியள்!" என்று பின்னாலிருந்து கத்துவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவார். டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிற எங்களுக்கு ஞாயிறு என்றால் அதுதான். அவருடைய முதுகும் என்னுடைய கத்தலும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அந்த மனுசன் நடையை விட்டுவிட்டு, ஒரு மியூசிய அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதைக் காட்டினால் சுற்றுவட்டாரத்தில் உள்ள சின்னச் சின்ன மியூசியங்களுக்கெல்லாம் போகலாமாம்.

"இவ்வளவு காலம் இருக்கிற நாடு. இதின்ரை சரித்திரம் தெரியாமல் இருக்கிறது வெக்கமெல்லே?" என்றார்.

"கண்டறியாத சரித்திரம். துணி மில்லிலையும் கதவு ஃபாக்டரியிலையும் நிண்ட மனுசனுக்கு இப்ப சரித்திரம் கேக்குதோ?" என்றேன்.

ஆனாலும் போனேன். போகாமல் வீட்டில் இருந்து என்ன செய்வது? மகள் கோப்பன்ஹேகன் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறாள். கிழமையில் ஐந்து நாள் நான் பிளையெம்மில், அதாவது முதியோர் இல்லத்தில், டேனிஷ் கிழடுகளைக் குளிக்கவார்த்து உடுப்பு மாற்றிவிடுகிறேன். ஆறாம் நாள் கோயில். ஏழாம் நாள் இந்தக் கூத்து.

எங்கள் யூலாந்துப் பக்கத்தில் ஊருக்கு ஒரு மியூசியம் இருக்கும். ஒரு காற்றாலை, மரச்சப்பாத்துச் செய்கிற ஒரு பட்டறை, பாடம் செய்த பறவைகளோடு ஒரு பழைய பள்ளிக்கூடம், ஏழைகளை அடைத்து வைத்த ஒரு வீடு. வாசலில் ஓய்வு பெற்ற யாராவது ஒருவர் கோப்பிப் போத்தலோடு இருப்பார். உள்ளே எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இருக்காது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பிளையெம்மிலும் அமைதிதான், ஆனால் அங்கே யாராவது இருமுவார்கள். இங்கே பலகை மட்டும் முனகும். நாங்கள் ஒரு அறையை விட்டு அடுத்த அறைக்குப் போனபிறகும் பின்னாலிருந்த அறையில் பலகை முனகும். மரம் ஆறுகிறது, அவ்வளவுதான் என்று அவர் சொல்வார்.

அதைவிட அந்தப் பொம்மைகள். ஆளளவு பொம்மைகளுக்குப் பழைய உடுப்பைப் போட்டு, கதிரையில் இருத்தி, கையில் ஊசி நூலைக் கொடுத்து வைத்திருப்பார்கள். கண் மட்டும் கண்ணாடி. எந்தப் பக்கம் போனாலும் அது பார்க்கும். என்னவர் ஒவ்வொரு பொம்மைக்கும் தலையைச் சரித்து டேனிஷில் வணக்கம் சொல்வார். எனக்கு எரிச்சல் வரவேண்டும் என்பதற்காகத்தான். ஒருநாள் ஒரு நூற்கும் ராட்டைக்கு முன்னால் இருந்த கிழவிப் பொம்மைக்கு வணக்கம் சொன்னார். அது திரும்பி, "வணக்கம், கோப்பி குடிக்கிறீர்களா?" என்றது. அந்த இடத்தில் உதவிக்கு வருகிற மனுசி அவள், பழைய உடுப்புப் போட்டு இருந்திருக்கிறாள். ஐயோ கடவுளே என்று நான் கத்திவிட்டேன். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது. முடிந்தபிறகும் சுவரை விடவில்லை.

அந்தச் சுவரை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

இன்னொன்று, அவர் பார்க்கிற விதம். நான் ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கு வந்துவிடுவேன். அவர் மூன்றாவது பெட்டியில்தான் நிற்பார். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, மிகவும் ஊன்றி வாசிப்பார். நாலடி போவார், அடுத்த பெட்டி, திரும்பவும் அப்படியே நிற்பார்.

"இஞ்சேருங்கோ, டொக்டர் பட்டம் எடுக்கப் போறியளோ? ஒரு கரண்டியிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"நீர் போய் இரும். நான் ஆறுதலாப் பாத்திட்டு வாறன்."

காரில் வரும்போது சோதனை வைப்பேன். "சரி, அந்தக் கரண்டி என்னத்திலை செய்ததாம்?" என்று கேட்டால் முழிப்பார். அரை மணித்தியாலம் நின்று வாசித்த மனுசனுக்குக் கரண்டி மரமா இரும்பா என்று தெரியாது. வயது போகிறது, மறதி என்று நினைத்தேன். ஆத்திரமும் வந்தது. மறதிக்காரரைப் பார்க்கிறது என் தொழில். வீட்டிலும் அதுதானா என்று.

வீட்டில் எங்களுக்கு வேறு சண்டை. தலையணைச் சண்டை. முதலில் அவர் இரண்டு வைத்துப் படுத்தார். பிறகு மூன்று. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் என் தலைக்குக் கீழே வெறும் மெத்தை. என்னுடையதும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. "ஃபோன் பாக்க வசதியா இருக்கு" என்றார். "உங்கடை ஃபோனிலை கோதாரி விழ. என்ரை தலகணியைத் தாங்கோ" என்று பிடுங்கினேன்.  அன்றிரவு அவர் கதிரை மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, சதுப்பு நிலத்தில் தோண்டி எடுத்த சாமான்களை வைத்திருக்கிற ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனோம். வழக்கம்போல் நான் முடித்துவிட்டு வாசலில் கோப்பி குடித்தேன். நேரம் போனது. ஆளைக் காணவில்லை. திரும்பி உள்ளே போனேன். கடைசி அறையில் அவர் நின்றார். கை பின்னுக்குக் கட்டியபடி, குனிந்தபடி, அதே ஊன்றிய பார்வை. கிட்டப் போய் நானும் பார்த்தேன்.

பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

நீலத் துணி விரித்திருந்தது. வெளிச்சம் பட்டுத் துணி வெளிறியிருந்தது. நடுவில் ஒரு சீப்பின் அளவுக்கு மட்டும் நிறம் போகாமல் இருந்தது. சீப்பு வேறொரு மியூசியத்துக்கு இரவல் போயிருக்கிறது என்று ஒரு சின்ன அட்டை சொன்னது. அந்த வெறுந்துணியைத்தான் அவர் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. சாம்பல் நிறம். உதடு மட்டும் நாவற்பழம் தின்றதுபோல். உள்ளே வைத்த முகம் வெளியே பார்ப்பதாக ஒரு கணம் எனக்குத் தோன்றியது. 

"என்னப்பா பாக்கிறியள்? உதுக்குள்ளை ஒண்டுமில்லையே!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஓம்... ஒண்டுமில்லை" என்றார். பிறகு, "வாரும், போவம்" என்றார்.

அன்றிரவே மகளுக்கு ஃபோன் எடுத்து, "அப்பா வெறும் பெட்டியைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றேன். நான் தமிழில் பத்து வசனம் சொன்னால் அவள் டேனிஷில் ஒன்று சொல்வாள். "மம்மா, ஸ்லாப் நு அவ்" என்றாள். கொஞ்சம் ஆறுதலாக இரு என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு ஃபோனை வைத்துவிட்டுக் கோயில் திருநீற்றை எடுத்து அவருடைய நெற்றி நிறையப் பூசினேன். கண்ணூறு என்றால் அதோடு போகட்டும் என்று. அவர் பேசாமல் பூசக் கொடுத்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமாகத் தட்டிவிடுகிற ஆள்.

அதற்கு அடுத்த ஞாயிறு போன இடம் பயிர் செய்து வாழ்ந்த ஒரு கமக்காரனின் பழைய வீடு. புல்லுக் கூரை, தாழ்ந்த வாசல், மண் நிலம். வாசலில் அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அவர் எப்போதும் அப்படித்தான். மியூசியம் என்றாலும் வீடு வீடுதானாம். ஒருவருடைய வீட்டுக்குள் சப்பாத்தோடு எப்படிப் போகிறது என்பார். குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது. சொக்ஸோடு ஈரமண்ணில் நடந்து போனார். பின்னால் போன எனக்கு அவருடைய கால்தடம் தெரிந்தது. தடத்துக்கும் தடத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

உள்ளே சுவருக்குள் ஒரு கட்டில். அலுமாரிபோல் இரண்டு கதவு, திறந்தால் உள்ளே படுக்கை. நீளம் ஒரு பிள்ளைக்குத்தான் போதும். வழக்கமாக அதற்குள் ஒரு பொம்மை படுத்திருக்குமாம், திருத்தக் கொடுத்திருக்கிறார்களாம் என்று அங்கே நின்ற கிழவி சொன்னாள். வைக்கோல் மெத்தையில் அந்தப் பொம்மை கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. யாரோ இப்போதுதான் எழும்பிப் போனமாதிரி.

"இவ்வளவு கட்டையாக இருக்கிறதே, அந்தக் காலத்து ஆட்கள் குள்ளமா?" என்று நான் டேனிஷில் கேட்டேன்.

"இல்லை, அவர்கள் பாதி இருந்தபடிதான் தூங்குவார்கள்" என்றாள் கிழவி. "நேராக நீட்டிப் படுப்பது செத்தவர்கள் மட்டும். நீட்டிப் படுத்தால் சாவு ஆள் மாறி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம்." சொல்லிவிட்டு, "வேண்டுமானால் ஏறிப் பாருங்கள், பிள்ளைகள் ஏறுவார்கள்" என்றாள்.

நான் வேண்டாம் என்பதற்குள் அவர் ஏறிவிட்டார். விசர் மனுசன் என்று நினைத்தேன். அந்தப் பள்ளத்துக்குள் போய், முதுகைப் பலகையில் சாய்த்து, காலை மடக்கி இருந்தார். கண்ணை மூடினார்.

"இஞ்சேருங்கோ, இறங்குங்கோ! என்ன உது, கூடாத பகிடி!"

அவர் இறங்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது. வீட்டில் பிரிட்ஜ் சத்தம் நின்றால்தானே அவ்வளவு நேரமும் அது ஓடியது என்று தெரியும். அதுபோல் ஒரு சத்தம் நின்றிருந்தது. ஒரு மெல்லிய விசில். மாதக்கணக்காக, காரில், சாப்பாட்டு மேசையில், கட்டிலில், எனக்குப் பக்கத்தில் இருந்த சத்தம் அது. அவருடைய மூச்சு. செத்துப்போனார் என்றே நினைத்தேன். பாய்ந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண்ணைத் திறந்து, "அப்பாடா" என்றார். "இப்பதான் சுகமா இருக்கு. இஞ்ச நல்லா மூச்சு வருது."

காலை மடக்கியதில் காற்சட்டை மேலே போயிருந்தது. சொக்ஸ் வழுகிக் கணுக்காலுக்கு வந்திருந்தது. அது இருந்த இடத்தில் காலைச் சுற்றி ஆழமாக ஒரு வளையம். பிளையெம்மில் நான் தினமும் காலையில் செய்கிற வேலை ஒன்று உண்டு: கிழடுகளின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது. பள்ளம் விழுந்து நின்றால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது, நெஞ்சு வேலை செய்யவில்லை, உடனே தாதிக்குச் சொல்ல வேண்டும். என் விரல் என்னைக் கேளாமலே போய் அவருடைய காலை அழுத்தியது. எடுத்தேன். பள்ளம் நின்றது. வைக்கோலில் இருந்ததுபோல், அப்படியே நின்றது.

எத்தனையோ டேனிஷ்காரரின் கால் எனக்குத் தெரியும். யாருக்கு எந்தக் காலில் மச்சம் என்று கேட்டால் சொல்வேன். என் புருசனின் காலை நான் பார்க்கவில்லை. வீட்டில் அவர் கணுக்கால் வரை சாரம் கட்டியிருப்பார். குளிருக்கு அதற்குள் சொக்ஸ். சாரத்துக்குக் கீழே என்ன என்று எந்தப் பெண்சாதி குனிந்து பார்க்கிறாள்? நான் அவரிடம் தலையணையைப் பிடுங்கியவள். அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தலையணைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கிழவிக்கு முன்னாலேயே நான் குழறி அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். நெஞ்சு வால்வு ஒன்று சுருங்கிப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அங்கே நான் ஒரு வேலை பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் அவருடைய அறையில் இருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். ஃபோனில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். கட்டிலின் தலைமாடு நேர் வடக்கு! செத்தவரை எரிக்க முன் கிடத்துகிற திசையில் என் மனுசனைக் கிடத்தியிருக்கிறார்கள். இக்காஸ்ட் வீட்டில் தலைமாடு வடக்கே வரக்கூடாது என்று கட்டிலை ஹீட்டருக்குக் குறுக்கே போட்டு, முப்பது வருடம் குளிரில் படுத்தவள் நான். விடுவேனா? கட்டிலுக்குச் சில்லு இருந்தது. பூட்டைத் தட்டிவிட்டுத் தள்ளினேன்.

"என்ன செய்யிறீர்?" என்றார் அவர்.

"பேசாமல் படுங்கோ. கிழக்கை திருப்புறன்."

கட்டில் பாதி திரும்பியது. ஒரு வயர் இழுபட்டுக் கழன்றது. தலைக்கு மேலே மெசின் அலறத் தொடங்கியது. மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒரு இளம் தாதி என்னைப் பார்த்து, "என்ன செய்கிறீர்கள்?" என்று கத்தினாள். நானும் இந்த வேலை செய்கிற ஆள்தான் என்று எப்படிச் சொல்வது? "யன்னலால் பார்க்க ஆசைப்பட்டார்" என்று பொய் சொன்னேன். யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் மட்டும்தான் இருந்தது. அவள் வயரை மாட்டிவிட்டுக் கட்டிலைத் திரும்ப வடக்குக்கே தள்ளினாள்.

அவர்கள் போனபிறகு அவர் என் கையைப் பிடித்தார். "உமக்கு ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"எனக்கு அந்த மியூசியம் ஒண்டும் விளங்கேல்லை. ஒண்டையும் நான் பாக்கவுமில்லை."

"பேந்தேன் என்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"ஏரிக்கரையிலை நாலடிக்கு ஒருக்கா நிண்டால் ஏனெண்டு கேப்பீர். மியூசியத்திலை ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலையும் எவ்வளவு நேரமும் நிக்கலாம். ஆரும் கேக்க மாட்டினம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சை எடுத்தார். "இளைப்பு ஆறினாப் பிறகு அடுத்த பெட்டிக்குப் போவன்."

"கோதாரி விழ, எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் உந்த வேலைதானே செய்யிறன்!"

"அதுக்குத்தான் சொல்லேல்லை. நீர் பிளையெம்மிலை உம்மடை கிழடுகளின்ரை காலை அமத்திப் பாத்திட்டு வந்து கதை கதையாச் சொல்லுவீர். ஆர் எப்ப போவினம் எண்டும் சொல்லுவீர். என்னையும் அந்தக் கண்ணாலை பாப்பீர் எண்டுதான்."

நான் போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டேன். 

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பனி கரைந்தபோது அவர் ஏரிக்குத் திரும்பினார். முதலில் கரையில் ஆட்கள் இருக்கிற வாங்கு வரை, பிறகு பாலம் வரை, கோடையில் முழுச் சுற்று. திரும்பவும் நான் பின்னால், அவர் முன்னால். "பந்தி வைக்கினமே?" என்று கத்தும்போது என் கண்ணில் தண்ணீர் வரும். தலையணை ஒன்றோடு படுத்தார். நீட்டி நிமிர்ந்து, கையை நெஞ்சில் வைத்து. நேராகப் படுக்க முடிவதுதான் நல்ல அறிகுறி என்று டொக்டர் சொன்னார். எனக்கோ அந்தக் கிழவி சொன்னதுதான் காதில் நின்றது. மத்தியானம் அவர் அப்படி அசையாமல் தூங்குவதைப் பார்த்தால் பொறுக்காது. "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ" என்று தட்டி எழுப்பித் தேத்தண்ணி கொடுத்துவிடுவேன். "நிம்மதியாப் படுக்க விடமாட்டீரே" என்று ஏசுவார். ஏசினால் எனக்குச் சந்தோசம்.

மியூசிய அட்டை சமையலறை மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைப்பற்றி இரண்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை.

போன ஞாயிறு வெயில் எறித்தது. நான் நடைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் சமையலறையிலிருந்து மெதுவாக வந்தார். கையில் அந்த அட்டை.

"கன காலமாப் போச்சு. உங்கை ஒரு சின்ன மியூசியத்துக்குப் போவமே?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அந்த வெறும் பெட்டி ஞாபகம் வந்தது.  குனிந்து, அவருக்குச் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் காற்சட்டையை மேலே தள்ளி, சொக்ஸை இறக்கி, பெருவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தேன். அவரும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளம் நின்றது.

சொக்ஸை இழுத்துவிட்டு எழும்பினேன். அந்தக் கண்ணால் அவரைப் பார்க்கக் கூடாது என்று கதவைப் பார்த்தபடி கதைத்தேன். "கோட்டைப் போடுங்கோ. நான் கார் ஓடுறன்."

"மியூசியத்துக்கோ?"

"ஓம்" என்றேன்.

அவர் காரில் ஏறி, சீற்றின் முதுகைப் பாதி சாய்த்துக்கொண்டு இருந்தார். சந்தி வந்தது. மியூசியத்துக்கு வலப்பக்கம் போக வேண்டும். பலகையில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிப் பக்கம், இடது கைக்குத் திருப்பினேன். அவர் அந்தப் பலகையை நன்றாகப் பார்த்தார். பாதை பிழை என்று சொல்லவில்லை.